காலருக்குள் இருந்த பெயர்

கொச்சி மட்டாஞ்சேரியில் மலை கிடையாது. மேடு என்று சொல்லக்கூட ஒன்றும் இல்லை. மழை பெய்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் தண்ணீர் வாசலிலேயே நிற்கிற ஊர் இது. ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் தோப்பும்படிப் பாலத்தில் ஏறலாம். என் வாழ்நாளில் நான் ஏறிய மலை பழனி மட்டும்தான். அதிலும் திரும்பும்போது முழங்கால் வலிக்கிறது என்று விஞ்ச்சில் உட்கார்ந்து இறங்கிவிட்டேன். அப்படிப்பட்ட நான் மலையேற்றத்தைப் பற்றியும் அதன் வரலாற்றைப் பற்றியும் மூன்று புத்தகம் எழுதியிருக்கிறேன். அலமாரியில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். எப்படி எழுத வந்தீர்கள் என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். வாயால் சொல்லி அலுத்துவிட்டது. ஒரு தடவை எழுதியே வைத்துவிடுகிறேன்.

நாங்கள் துணி துவைக்கிறவர்கள். பட்டாளத்துக்காரர்களின் உடுப்பைத் துவைப்பதற்காக எங்கள் முன்னோரைத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து கூட்டி வந்தார்கள் என்று சொல்வார்கள். பட்டாளம் போய்விட்டது, கொடியும் மாறிவிட்டது, நாங்கள் இருக்கிறோம். துணி அழுக்காகாத அரசாங்கம் எதுவும் இன்னும் வரவில்லை. எங்கள் துவைப்புக் களத்தில் வரிசையாகத் தொட்டிகள் இருக்கும். அதற்கப்பால் வெட்டவெளி முழுக்கக் கயிறு. கிளிப் மாட்டுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. இரண்டு புரியாக முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுவோம். கடல்காற்று என்ன ஆட்டு ஆட்டினாலும் துணி விழாது.

குறி தெரியாமல் இந்தத் தொழில் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சலவைக்குறி. சட்டை என்றால் காலருக்குள்ளே, வேட்டி என்றால் மூலையில், போகாத மையில் பொடியாகப் போடுவோம். இரண்டு புள்ளியும் ஒரு கோடும் மருந்துக்கடைக்காரர் வீடு. முக்கோணம் பேக்கரிக்காரர் வீடு. எழுதப் படிக்கத் தெரியாத காலத்திலேயே இந்த ஊரின் பாதி வீடுகளை நான் காலரிலிருந்து படித்துவிடுவேன். எங்கள் தொட்டியில் குறி போடாத துணி என்றால் எங்கள் வீட்டுத் துணி மட்டும்தான். எல்லார் துணியையும் பிரித்து அடுக்கிய பிறகு குறியில்லாமல் மிஞ்சுவது எங்களுடையது. நம் துணிக்கு நாமே எதற்குக் குறி போடவேண்டும்? இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எழுத்து எனக்கு வந்தது பிள்ளைகள் வளர்ந்த பிறகு. சாயங்கால எழுத்தறிவு வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அங்கே சொல்லிக்கொடுத்தது மலையாள எழுத்து. என் வாயில் இருந்ததோ தமிழ். இரண்டையும் நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன். தமிழை மலையாள எழுத்தில் எழுதுவேன். எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பலர் அப்படித்தான் எழுதுவார்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மலை எங்கள் வீட்டுக்கு மூட்டையில் வந்தது. இடக்கொச்சிக்காரர் ஒருவர், பாங்க் வேலையில் இருந்தவர், எங்கள் பழைய வாடிக்கை. கலூரில் மலையேறுகிறவர்களுக்கு ஒரு கிளப் இருக்கிறது, அதற்கு அவர்தான் செக்ரட்டரி. வருடாவருடம் அந்தக் கிளப்பிலிருந்து ஒரு கூட்டம் இமயமலைக்குப் போய்வரும். வந்த சூட்டோடு மொத்த அழுக்கும் எங்கள் தொட்டிக்கு வரும். கம்பளிக் குல்லாய், உள்சட்டை, தூங்குகிற பை, தலையணையை வெட்டித் தைத்தது மாதிரி இறகு அடைத்த கோட்டு. எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு குறி போட்டோம், போகப்போக அந்தக் கிளப்காரர்கள் பலருடைய வீட்டுச் சட்டையும் எங்களிடமே வந்தது.

முதல் தடவை அந்தக் கோட்டைப் பார்த்ததும் எங்கள் வீட்டுக்காரர் இஸ்திரி மேசையை விட்டு எழுந்தே வந்துவிட்டார். தேங்காய்ச் சிரட்டைக் கரி போட்ட பெட்டி கையில் புகைகிறது.

"இது என்ன சாரே, கோழியை உரிச்சு உள்ளே அடைச்சிருக்கா? தேச்சுத் தட்டையாக்கித் தரட்டா?"

"அய்யோ வேண்டா சேட்டா! பெட்டி பட்டா உருகிப்போகும். உள்ள இருக்கறது வாத்து இறகு" என்று செக்ரட்டரி குறுக்கே கையை நீட்டினார்.

நான் துணியைப் புரட்டிப் பார்த்தேன். கறை பார்க்காமல் தண்ணீரில் போடுகிற பழக்கம் எனக்கில்லை. நெஞ்சுப் பக்கம் கறுப்பாக இருந்தது. என்ன என்று கேட்டேன்.

"ஸ்டவ் கரி அக்கா. டென்ட்டுக்குள்ள ஐஸை உருக்கித்தான் சாயா போடணும். வேற தண்ணி எங்க?"

"கழுத்துல வெள்ளையா பூத்திருக்கே?"

"வேர்வை உப்பு."

"பனியில வேர்க்குமா?"

"பின்னே? ஏறும்போது வேர்க்கும், நின்னா அதே வேர்வை ஐஸ் ஆகும். சிலரு அதுலதான் மரிச்சது."

அங்கேதான் எனக்குப் பிடித்துக்கொண்டது. துணிக்குள் நனைந்த வேர்வை ஒரு மனிதனைக் கொல்லும் என்றால், அந்த மலை என் தொழிலுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது என்று தோன்றியது. அதற்குப் பிறகு அவர் துணி எடுக்க வரும்போதெல்லாம் மலைப் புத்தகம் ஒன்றைக் கையோடு கொண்டுவரச் சொல்வேன். அவர் தொட்டி ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து இங்கிலீஷில் படித்து எனக்குச் சொல்வார். நான் அலசிக்கொண்டே கேட்பேன்.

அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் கம்பளிக்கு மேல் பட்டு, பட்டுக்கு மேல் கம்பளி என்று அடுக்கடுக்காகப் போட்டுக்கொண்டு உலகத்திலேயே உயரமான மலையில் ஏறப் போனார்கள். அவர்களில் ஒருத்தர் பலூன் செய்கிற துணியில் வாத்து இறகை அடைத்துக் கோட்டு தைத்துக்கொண்டு வந்தாராம். கூட வந்தவர்கள் கேலி செய்தார்கள். மேலே போய்க் குளிர் கடித்தபோது கேலி செய்தவர்களுக்கே அதன்மேல் ஆசை வந்துவிட்டது. இன்றைக்கு மலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்தக் கோட்டின் பேரப்பிள்ளைகளைத்தான் போட்டுக்கொண்டு போகிறார்கள். இதெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏன் சாரே, எத்தனை புத்தகம் படிச்சாச்சு. மாசக்கணக்குல மலையில கிடக்கிறாங்க. ஒரு புத்தகத்துலகூட ஒருத்தரும் துணி துவைக்கலையே?"

அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசித்தார். "அது சத்யம் அக்கா. ஆரும் எழுதியில்ல."

"அப்ப நான் எழுதறேன்."

இஸ்திரி மேசையிலிருந்து சிரிப்பு வந்தது. "பாலம் ஏறும்போதே கைப்பிடியைக் கட்டிப் பிடிச்சிட்டு நிப்பா. இவ மலையைப் பத்தி எழுதறாளாம்."

"நீங்க தேக்கிற சட்டையை எல்லாம் நீங்களா போட்டுக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் அடுத்த சட்டையை எடுத்து விரித்தார்.

உடனே எழுத உட்கார்ந்துவிடவில்லை. எதைப் பிடித்துத் தொடங்குவது என்று தெரியவில்லை. அதைக் கொடுத்தது காலர்தான்.

செக்ரட்டரி ஒருநாள் அந்தக் கதையைச் சொன்னார். முன்பு சொன்ன அதே உயரமான மலையில் இரண்டு பேர் உச்சிக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். கீழே இருந்தவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேகம் வந்து மூடியது. பிறகு அவர்களைப் பார்த்தவர் இல்லை. உச்சியைத் தொட்டார்களா இல்லையா என்று உலகம் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு தலைமுறை போய் இன்னொரு தலைமுறையும் போன பிறகு, தேடிப்போன கூட்டம் ஒன்று சரிவில் குப்புறக் கிடந்த உடலைக் கண்டது. குளிர் அதை வெள்ளைக் கல் மாதிரி வைத்திருந்தது. இரண்டு பேரில் இளையவர்தான் இது என்று நினைத்துக்கொண்டார்கள்.

"முகத்தைப் பாத்தா தெரியாதா?" என்றேன்.

"முகம் மண்ணோட உறைஞ்சு போச்சு. பின்னே கண்டுபிடிச்சது எப்படின்னு அறியுமோ? சட்டைக் காலரைத் திருப்பி நோக்கி. உள்ளே பேரு நூலுல தைச்சிருந்நு. மூத்தவரோட பேரு."

நான் கையில் இருந்த துணியை அப்படியே தொட்டியில் விட்டுவிட்டு எழுந்து நின்றேன். ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை. "சட்டை மாறிப்போயிருக்கலாமே சாரே? ஒரே கூடாரம். அவசரத்துல கைக்குக் கிடைச்சதை மாட்டிக்கிட்டிருப்பாங்க."

செக்ரட்டரி தொடையில் தட்டினார். "அக்கா, கண்டுபிடிச்ச ஆளுகளும் அதுதான் முதல்ல நினைச்சது. இளையவரு எதுக்கு மூத்தவரோட சட்டை போட்டாருன்னு! அப்புறம் உள்சட்டையை நோக்கினா, அதுலயும் அதே பேரு."

"அப்ப அவருதான். மேல்சட்டை மாறும். உள்சட்டை மாறாது."

உலகம் முழுவதும் தேடிய ஒரு மனிதரைக் கடைசியில் ஊருக்குச் சொன்னது அவர் காலர். துணி கலந்துவிடக்கூடாது என்று யாரோ நூல் கோத்து அந்தப் பெயரைத் தைத்திருக்கிறார்கள். அந்தக் கைக்கு மலை தெரியாது. அந்தப் பெயர் எங்கே போய்க் கிடக்கப்போகிறது என்பதும் தெரியாது. அன்று சாயங்காலமே சட்டை மடிக்கிற பழுப்புத் தாளை வெட்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

எழுதி முடிக்க ஒரு மழைக்காலம் ஆனது. துணி காயாத நாட்களில் எனக்கு வேறு என்ன வேலை? காலரில் தொடங்கி, பட்டும் கம்பளியும், பலூன் துணிக் கோட்டும், கடைசியில் எங்கள் தொட்டிக்கு வருகிற நைலான் வரைக்கும் வந்து நிறுத்தினேன். தாள்களை அடுக்கி, கயிறு கட்டி, செக்ரட்டரியிடம் கொடுத்தேன். கிளப் ஆண்டுக்கு ஒரு மலர் போடும். அதில் வரட்டும் என்றேன். அவர் அதை மலையாளத்தில் மாற்றி எழுதுவதாகச் சொல்லி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

சில வாரம் கழித்து அச்சுக்கு முந்தைய நகலைக் கொண்டுவந்து காட்டினார். முகமெல்லாம் சந்தோஷம். நான் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். தலைப்பை மெதுவாகப் படித்தேன். அதற்குக் கீழே, எழுதியவர் என்று போட்டு, செக்ரட்டரியின் பெயர் இருந்தது. மறுபடி படித்தேன். அவர் பெயர்தான். அடியில் பொடி எழுத்தில், தகவல் தந்து உதவிய சலவைத் தொழிலாளிக்கு நன்றி என்று ஒரு வரி.

"என்ன சாரே இது?"

அவர் முகம் வாடிவிட்டது. "அக்கா தந்த பேப்பர்ல எங்கயும் பேரு இல்லல்லோ. ஞான் நினைச்சு, அக்காவுக்குப் பேரு வைக்க இஷ்டம் இல்லைன்னு."

அவர் சொன்னது சரிதான். நான் பெயர் போடவில்லை. போடவேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. நம் துணிக்கு நாம் குறி போடுவது கிடையாதே. குறியில்லாமல் இருப்பது நம்முடையது என்று ஆயுள் முழுக்கப் பழகிய கை. அச்சு உலகத்தில் அது தலைகீழ் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அங்கே குறியில்லாதது, யார் மடித்து எடுக்கிறார்களோ அவர்களுக்குப் போய்விடுகிறது.

"இப்ப போடுங்க என் பேரை."

அவர் தயங்கினார். கெட்ட மனிதர் இல்லை, அதனால்தான் உள்ளதைச் சொன்னார். "அக்கா, கோவிச்சுக்க வேண்டா. வாக்கியம் எல்லாம் ஞான் இருந்து நேராக்கியது. பின்னே, கிளப்புல எல்லாரும் மலை கேறின ஆளுக. மலையே காணாத ஒருத்தரோட பேரைக் கண்டா சிரிக்கும். கட்டுரைக்குத்தான் மோசம்."

எனக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். "சாரே, உங்க சட்டையை எத்தனை காலமா நான் துவைக்கிறேன்?"

"கல்யாணத்துக்கு முன்னே தொட்டு."

"கறை எடுத்தேன், கஞ்சி போட்டேன், நேராக்கித்தான் குடுத்தேன். என்னைக்காவது என் குறி போட்டுத் திருப்பித் தந்திருக்கேனா?"

இஸ்திரி மேசையிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் சொன்னார், "போட்டிருந்தா இந்நேரம் கொச்சியில பாதிப் பேரு சட்டையில்லாமத்தான் திரிவாங்க." இந்தத் தடவை அவர் என் பக்கம்.

செக்ரட்டரி தலையைச் சொறிந்தார். நானே ஒரு வழி சொன்னேன். "கிளப்புக் கூட்டத்துல நானே வந்து படிக்கிறேன். எழுத்தைக் கேட்டு அவங்க சிரிச்சா உங்க பேரே இருக்கட்டும். சிரிக்கலைன்னா என் பேரு." அவர் ஒத்துக்கொண்டார்.

கலூருக்குப் பஸ்ஸில் போனேன். வெள்ளைப் புடவை, எங்கள் வீட்டுக்காரர் முறுக்கென்று தேய்த்தது. பொள்ளாச்சிக்காரி என் மருமகள் துணைக்கு வந்தாள். மாடி ஹால் நிறைய ஆட்கள், சுவரெல்லாம் பனிமலைப் படம். தலைவி ஒரு டீச்சர். பனி கடித்துக் கருகிய கால்விரல்கள் சிலவற்றை மலையிலேயே விட்டுவிட்டு வந்தவர். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அக்கா எவ்வளவு உயரம் வரை போயிட்டுண்டு?"

"தோப்பும்படிப் பாலம் வரைக்கும் டீச்சரே. பாதியில மூச்சு வாங்க நிக்கணும்."

ஹாலே சிரித்தது. ஓரத்தில் நின்ற செக்ரட்டரி என்னைப் பார்த்தார். "இது பாலத்துக்குச் சிரிச்சது சாரே, எழுத்துக்கு இல்ல" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று, பாலத்தில் நிற்கிற மாதிரியே நின்றேன்.

பிறகு படித்தேன். என் தாள், என் எழுத்து, என் தமிழ். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிக்க வரும், அவசரப்பட மாட்டேன். முன்வரிசையில் ஒருத்தர் கொட்டாவி விட்டார். நான் காலருக்கு வந்து சேர்ந்தேன். முகம் தெரியாமல் கிடந்தவரை, காலரைத் திருப்பி, பெயர் படித்து, இவர்தான் என்று சொன்ன இடத்தில் நிறுத்தினேன். அடுத்த வரி இதுதான்: உங்கள் காலரிலும் ஒரு குறி இருக்கிறது, அதைப் போட்ட கை இந்தத் தாளில் எழுதிய கை.

யார் முதலில் செய்தது என்று தெரியாது. ஒரு ஆள் பக்கத்து ஆளின் காலரைத் திருப்பிப் பார்த்தார். அவ்வளவுதான், வரிசை வரிசையாக ஒருத்தர் கழுத்தில் ஒருத்தர் கையை வைத்துத் தேடுகிறார்கள். "எனக்குப் பிறை!" "எனக்கு மூணு கோடு!" "எனக்கு ஒண்ணும் இல்லல்லோ?" என்று ஒருத்தர் அழாத குறையாகக் கேட்டார். "நீங்க மெஷின்ல துவைக்கிறீங்க" என்றேன். கொட்டாவி விட்டவர் குறியைத் தேடிச் சட்டையையே கழற்றாத குறை.

தலைவி டீச்சர், கூட்டத்தில் காட்டுவதற்காகக் கொண்டுவந்து நாற்காலி முதுகில் தொங்கவிட்டிருந்த தன் இறகுக் கோட்டை எடுத்துக் கழுத்தைத் திருப்பினார். அங்கே மூன்று புள்ளி. மலைக்கு அந்தக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போவார். கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். "இத்தனை வருஷமா இது என்கூட மேல வந்தது, ஞான் கண்டில்ல" என்றார். பிறகு நகலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எழுதியது ஆரு?" என்று கேட்டார்.

செக்ரட்டரிதான் முன்னால் வந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, எல்லாரும் பார்க்கத் தன் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

"துவைச்சது மட்டும்தான் ஞான்" என்றார். "சட்டை அக்காவோடது."

கைதட்டினார்கள். அவர் பேனாவை என்னிடம் நீட்டினார். நான் அந்த அடித்த பெயருக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். என் பெயர் நீளம், அதில் சுழிக்கிற எழுத்துகள் அதிகம். நேரமெடுத்துத்தான் எழுதினேன். மலையேறுகிறவர்கள் அத்தனை பேரும் நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார்கள். இமயமலையின் உச்சியில் நின்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நிமிஷத்தை அதற்கு மாற்றாக யாராவது கேட்டால் தரமாட்டேன்.

அதற்குப் பிறகு நிற்கவில்லை. அந்த மலரைப் படித்துவிட்டு மற்ற ஊர்களில் மலையேறுகிறவர்கள் பழைய படங்களையும் பழைய உடுப்புகளையும் தேடிக் கொண்டுவந்து காட்டினார்கள். அவற்றையெல்லாம் சேர்த்து எழுதியதில் அந்தக் கட்டுரையே வளர்ந்து முதல் புத்தகம் ஆனது. மூட்டை சுமந்த மலைக்காரர்களுக்குக் கோட்டு யார் தந்தது, தராமல் விட்டது யார் என்று கேட்டுக் கேட்டு இரண்டாவது புத்தகம் எழுதினேன். கயிற்றைப் பற்றி மூன்றாவது. எங்கள் முறுக்குக் கயிற்றில் துணி தொங்குவதையும் மலைக்கயிற்றில் மனிதர்கள் தொங்குவதையும் பற்றி அதில் எழுதியிருக்கிறேன். மருமகள் என் மலையாள எழுத்தைத் தமிழ் எழுத்தில் பிரதி எடுப்பாள். ஒரு சொல் மாற்றமாட்டாள். மாற்றினால் எனக்குத் தெரிந்துவிடும். கோயம்புத்தூர்ப் பதிப்பாளர் ஒருவர் போடுகிறார். தாளைக் கொடுக்கும்போதே முதல் பக்கத்தில் பெயரைப் பெரிதாக எழுதிவிடுகிறேன்.

முதல் புத்தகம் வந்த அன்று எங்கள் வீட்டுக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் படிக்க வராது. என் பெயர் எது என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய் மைக்குச்சியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இனிமே உன் புடவைக்கும் ஒரு குறி போட்டுடு. பெரிய ஆளு ஆயிட்ட, எவளாவது தூக்கிட்டுப் போயிடுவா. மலை மாதிரி முக்கோணம் போடேன்."

"அது பேக்கரிக்காரர் வீட்டுக் குறி" என்று மருமகள் உள்ளேயிருந்து சொன்னாள். "அத்தை, வேற ஏதாச்சும் போடுங்க."

"எனக்கு எதுக்குக் குறி? எனக்குத்தான் பேரு எழுத வருமே" என்றேன்.

கலூருக்குக் கட்டிக்கொண்டு போன அந்த வெள்ளைப் புடவையைக் கொண்டுவரச் சொன்னேன். முந்தானை ஓரத்தில், உள்பக்கமாக, போகாத மையில் முழுப் பெயரையும் எழுதினேன். மை காய்ந்ததும் அவர் வாங்கி, பெயர் மேலே வருகிற மாதிரி மடித்துத் தேய்த்தார்.